மாத்திரை எழுதப் போகிறவருக்கு தெரபி பயிற்சி எதற்கு?

கேள்வி: 3 பிப்ரவரி 2024

டெக்சாஸில் ஐ.சி.யூ. நர்ஸாக ஆறு வருடம் இருந்தேன். இப்போது சைக்கியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனர் (மனநோய்க்கு மருந்து எழுதும் தகுதி உள்ள நர்ஸ்) படிப்பில் இரண்டாவது வருடம். இந்த செமஸ்டர் முழுக்க, பேச்சால் சிகிச்சை தருகிற இண்டிவிஜுவல் தெரபி, குரூப் தெரபி என்று கிளினிக்கல் மணிநேரம் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். வேலைக்குப் போனால் 20 நிமிடத்துக்கு ஒரு நோயாளி, மாத்திரையைச் சரிபார்த்து அனுப்புவதுதான் வேலை என்கிறார்கள் சீனியர்கள். தெரபிக்கு சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், சோஷியல் ஒர்க்கர் இருக்கிறார். வட்டமாக உட்கார்ந்து கதை கேட்க நமக்கு எதற்கு இத்தனை மணிநேரம்? அந்த நேரத்தில் மருந்தியலை இன்னும் நன்றாகப் படித்தால் உருப்படலாமே. இந்தத் துறையில் இருக்கும் அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்கள்.

4 பிப்ரவரி 2024

இதே கேள்வியை நானும் கேட்டவள்தான், அதுவும் பேராசிரியர் முகத்துக்கு நேராக. அதனால் கோபப்படாமல் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் பி.எஸ்சி. நர்சிங். நியூ ஜெர்சியில் மனநல வார்டில் 11 வருடம் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்). அப்புறம் இதே படிப்பு. இப்போது ஓர் அவுட்பேஷன்ட் கிளினிக்கில் மூன்றாவது வருடம்.

வேலையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. புது நோயாளி என்றால் ஒரு மணிநேரம், மற்றபடி என் நாள் 20 நிமிடத் துண்டுகளாகத்தான் ஓடுகிறது. தெரபிக்கென்றே வருகிறவர்கள் என் பட்டியலில் நாலே பேர்.

ஆனால் கல்லூரி இதைத் தன் இஷ்டத்துக்குப் போடவில்லை. ஏ.என்.சி.சி. (அமெரிக்காவில் நர்ஸுகளுக்குச் சான்று தரும் அமைப்பு) போர்டு பரீட்சைக்கு உட்கார வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு சைக்கோதெரபி முறைகளில் கிளினிக்கல் பயிற்சி இருக்க வேண்டும். ஆசிரியர் கண்காணிப்பில் 500 மணிநேர கிளினிக்கலும் வேண்டும்.

மருந்தியலுக்கு வருகிறேன். லித்தியம் என்ற மனநல மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கக் கடைசி மாத்திரை விழுங்கி 12 மணிநேரம் கழித்து ரத்தம் எடுக்கணும் என்பதை ராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் படித்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் அந்த மாத்திரையை விழுங்கவே இல்லை என்பதை எந்தப் புத்தகத்தில் படிப்பீர்கள்?

4 பிப்ரவரி 2024, ராத்திரி

திருத்தம். 500 என்பது பரீட்சைக்கான தகுதி. கல்லூரிகளுக்கான தேசிய தர விதிகள் 2022இல் மாறி, நேரடியாக நோயாளியைப் பார்க்கும் நேரமே 750 என்று ஏறிவிட்டது. நான் படித்தது பழைய கணக்கில். உங்களுக்கு 750தான் இருக்கும், கையேட்டைப் பாருங்கள். என்னைத் திட்ட வேண்டாம்.

7 பிப்ரவரி 2024

"நர்ஸ் எப்போதிருந்து தெரபிஸ்ட் ஆனார்?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த கேள்வி.

ஹில்டெகார்ட் பெப்லோ என்ற நர்ஸ் 1952இல் ஒரு புத்தகம் எழுதினார். நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவே இருக்கும் உறவுதான் சிகிச்சை, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் என்பது சாரம். 1950களின் நடுவில் இங்கே நியூ ஜெர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், மனநல நர்ஸுகளுக்கென்றே முதுகலைப் படிப்பு ஆரம்பித்தார். அதில் படித்து வந்தவர்கள் நோயாளியோடு உட்கார்ந்து தெரபி செய்தவர்கள். மனநோய்க்கான ஆரம்பகால மருந்தான குளோர்புரோமசின் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1954இல்தான். நர்ஸ் கையில் மருந்துச் சீட்டு வந்தது இன்னும் எத்தனையோ வருடம் கழித்து.

அதாவது நம் பரம்பரையில் தெரபிதான் மூத்த பிள்ளை. மாத்திரை நேற்று வந்த மருமகன். வந்த வேகத்தில் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான், அது வேறு கதை.

10 பிப்ரவரி 2024

சரி, பயிற்சி எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். தலைப்பு தலைப்பாகச் சொல்லத் தெரியாது. என்னை அழவைத்த ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ப்ராசஸ் ரெக்கார்டிங் என்று பெயர். செஷன் முடிந்ததும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். எங்கள் கல்லூரியில் நாலு பத்தி: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனசில் ஓடியது, இப்போது யோசித்தால் என்ன சொல்லியிருக்கலாம். பத்து நிமிடப் பேச்சை எழுத இரண்டு மணிநேரம் ஆகும்.

ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், கணவரை இழந்தவர். (விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐந்தாவது செஷன் முடிகிற நேரம். "அடுத்த வாரம் வர வேண்டாம்னு பார்க்கிறேன், உங்களுக்கும் நிறைய வேலை இருக்கும்" என்றார். நான் உடனே, "அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் தாராளமாக வரலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நல்ல பதில்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது பத்தியில் உண்மையை எழுதித் தொலைத்தேன்: "ஐயோ, இவர் நின்றுவிட்டால் எனக்கு மணிநேரம் குறையுமே."

சூப்பர்வைசர் மற்ற மூன்று பத்தியையும் தொடவே இல்லை. அந்த ஒரு வரியைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டு, "போய்விடுவாரோ என்று பயந்தது யார்?" என்று கேட்டார். பிறகு, "அவர் உங்கள் வேலையைப் பற்றியா பேசினார்?" என்றார்.

இல்லை. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று வாழ்ந்தவர் அவர். மகனிடம் பாரம், மகளிடம் பாரம், இப்போது என்னிடமும் பாரம். "எனக்கும் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிப்பதுபோல உபசரித்து, கதவைச் சாத்திவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் வந்தார். நாலாவது பத்தியில் எழுதியதைக் கேட்டேன். 50 நிமிடத்தில் 35 நிமிடம் அழுதார். என் மணிநேரக் கணக்கும் குறையவில்லை.

12 பிப்ரவரி 2024

செஷன் நடக்கும்போதே குறிப்பு எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். பேனாவை எடுத்ததும் அவர்கள் பேனாவைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள். செஷன் முடிந்து காருக்குப் போய் உட்கார்ந்து எழுதுங்கள். பெயர், ஊர், பிறந்த தேதி எதுவும் காகிதத்தில் இருக்கக்கூடாது. ஆடியோ பதிவு என்றால் எழுத்து மூலம் சம்மதம் வேண்டும்.

18 பிப்ரவரி 2024

நம் ஆட்களுக்கு இந்தப் பயிற்சியில் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. வாய்.

"கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்." பிறந்ததிலிருந்து கேட்டு, பத்து வயதிலிருந்து சொல்லி வருகிற வசனம். சாவு வீட்டில் சொல்வோம், பரீட்சையில் பெயிலானவனிடம் சொல்வோம். நர்சிங் பாடப்புத்தகத்தில் இதற்குப் பொய்யான ஆறுதல் என்று பெயர், செய்யக்கூடாதவை பட்டியலில் முதல் வரிசை. முதல் வருடமே படித்து மார்க்கும் வாங்கினேன். வார்டில் 11 வருடம் அதையேதான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அறிவுரை. யாராவது பிரச்சினை என்று வாயைத் திறந்தால் நமக்குள் ஓர் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவார். மோட்டிவேஷனல் இண்டர்வியூயிங் வகுப்பில் என் ஜோடியாக உட்கார்ந்தவர் சிகரெட் விட நினைப்பவராக நடித்தார். அவர் இரண்டு வரி பேசுவதற்குள் மூன்று யோசனை கொடுத்திருந்தேன். எதிரே இருப்பவர் மாறுவதற்கான காரணத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும், நாம் சொன்னால் அவர் எதிர்க்கட்சியில் போய் உட்காருவார். இந்த முறையை உருவாக்கிய சைக்காலஜிஸ்ட் வில்லியம் மில்லர் 1983இல் குடிநோயாளிகளை வைத்து எழுதியதன் அடிப்படை இதுதான். டாஸ்மாக் வாசலில் நின்று அறிவுரை சொல்லிப் பார்த்த எந்தப் பெண்டாட்டியைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பாள்.

ஆனால் நம் ஊரிலிருந்து கொண்டுவந்ததில் ஒன்று உதவியது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவது வழக்கம். அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் இருப்பது அங்கே இயல்பு. இங்கே படித்தவர்கள் குடும்பத்தை வெயிட்டிங் ரூமில் விட்டுவிட்டு ஆளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். "கூட வந்திருப்பது யார், அவரும் உள்ளே வரட்டுமா?" என்று கேட்பது எனக்குத் தானாக வந்தது. சூப்பர்வைசர் என்னைப் பாராட்டியது மொத்தமே மூன்று தடவை. அதில் இது ஒன்று.

25 பிப்ரவரி 2024

குரூப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்து: குரூப்தான் சுலபம். எட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களே பேசிக்கொள்வார்கள். தனியாக ஒருவரோடு 50 நிமிடம் உட்காருவதுதான் உயிர் போகிற வேலை.

என் பயிற்சி ஓர் இன்டென்சிவ் அவுட்பேஷன்ட் இடத்தில். வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணிநேரம், பெரும்பாலும் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள். நான் துணைத் தலைவர், லைசென்ஸ் வாங்கிய ஒருவர் தலைவர். சீக்கிரம் வந்து நாற்காலிகளை வட்டமாகப் போடுவதுதான் என் முதல் வேலை. காலி நாற்காலியை எடுத்துவிடக்கூடாது, வராதவரின் இடமும் குரூப்தான் என்றார் அவர். அன்று எனக்கு அது சும்மா தத்துவமாகத் தெரிந்தது.

மனநல மருத்துவர் இர்வின் யாலோம் குரூப்பில் குணமாக்குகிற விஷயங்கள் 11 என்று எழுதியிருக்கிறார். பரீட்சைக்கு 11ஐயும் மனப்பாடம் செய்யுங்கள். வேலைக்கு, ஒன்றைக் கண்ணால் பார்த்தால் போதும்: ஒருவர் சொல்லி முடித்ததும் எதிர் நாற்காலியில் இருப்பவர் தலையைத் தூக்கி, "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன்" என்பார். அந்த வரியை நாம் ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு சொன்னாலும் எடுபடாது.

26 பிப்ரவரி 2024

பிரிசெப்டர் (கிளினிக்கில் நம்மைக் கூட வைத்துப் பயிற்சி தருபவர்) கிடைக்கவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள்.

கல்லூரி பணம் வாங்கிக்கொண்டு, "பிரிசெப்டரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்றது. 40 இடத்துக்கு மின்னஞ்சல். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாதகம் அனுப்புவதுபோல ரெஸ்யூமே அனுப்பிக் காத்திருப்பேன். இரண்டு இடம் பதில் போட்டது, ஒன்று மாதம் இவ்வளவு கட்டணம் என்றது. கட்டினேன். அந்த கிளினிக்கில் குரூப் தெரபி என்பது என்ன தெரியுமா? டிவியில் வீடியோ போட்டுவிட்டு 50 நிமிடம் கழித்து அணைப்பது. வந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு 90853 பில் போகும். குரூப் தெரபிக்கான கோடு அதுதான்.

மூன்றாவது வாரம் ஆசிரியரிடம் சொன்னேன். "மணிநேரம் கையெழுத்தாகிறதா?" என்று கேட்டார். ஆகிறது என்றேன். "அப்புறம் என்ன" என்றார். இரண்டு மாதக் கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று வெளியே வந்து, எங்கள் வார்டின் பழைய சோஷியல் ஒர்க்கர் மூலம் அந்த இன்டென்சிவ் அவுட்பேஷன்ட் இடத்துக்குப் போனேன்.

அதனால் பிரிசெப்டரிடம் முதல் நாளே கேளுங்கள்: குரூப்பில் நான் பேசுவேனா, பார்ப்பேனா? முடிந்ததும் 15 நிமிடம் உட்கார்ந்து பேசுவீர்களா? இரண்டாவதற்கு நேரமில்லை என்றால் முதலாவதற்கும் அர்த்தமில்லை.

3 மார்ச் 2024

25ஆம் தேதி குரூப் சுலபம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு வாரமாக உறுத்துகிறது. அது எனக்குச் சுலபமாகத் தெரிந்ததற்குக் காரணம், கூட இருந்தவர் பாரத்தைத் தூக்கியதுதான்.

அவர் லீவு போட்ட அன்று நான் தனியாக நடத்தினேன். (பக்கத்து அறையில் லைசென்ஸ் உள்ளவர் இருந்தார், விதியை மீறவில்லை.) ஒருவர் இருந்தார், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மற்றவர்களுக்கெல்லாம் யோசனை சொல்வார். எனக்குள் இருக்கும் அத்தை, ஆண் வேஷத்தில். 20 நிமிடம் ஓடிவிட்டது. மூலையில் ஓர் இளைஞன் நாலு வாரமாக வாயே திறக்காதவன், ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

பேசுகிறவரை நிறுத்தினால் அவமானப்படுவார். நிறுத்தாவிட்டால் மற்ற ஏழு பேரும், இங்கே பாதுகாப்பில்லை, நடத்துகிறவளுக்குத் தைரியமில்லை என்று முடிவு கட்டுவார்கள். தனி தெரபியில் ஒருவர் முகத்தைப் பார்த்தால் போதும். இங்கே ஒருவரிடம் சொல்வது எட்டுப் பேரிடம் சொல்வது, எட்டுப் பேரும் எட்டு விதமாகக் கேட்கிறார்கள்.

நான் செய்தது தப்பு. இளைஞனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேள்வி கேட்கிற வாத்தியார் மாதிரி. அவன் "ஒன்றுமில்லை" என்றான். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. அப்போதுதான் அந்த நாற்காலி தத்துவம் எனக்குப் புரிந்தது, யாருமே அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினார்கள்.

லீவு முடிந்து வந்தவர் என்னைத் திட்டவில்லை. குரூப்பில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இங்கே சிலர் நிறையப் பேசுகிறார்கள், சிலர் பேசுவதே இல்லை. இது எப்படி இப்படி ஆனது?" அப்புறம் வாயை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. குரூப்பில் ஒரு நிமிட அமைதி எவ்வளவு நீளம் என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், எனக்கு நாக்கு நுனியில் ஏழு வாக்கியம் வந்து நின்றது. கடைசியில் அந்த அதிகம் பேசுகிறவரே சொன்னார்: "நான் நிறுத்தினால் என்னைப் பற்றிக் கேட்பீர்களே, அதனால்தான்."

இளைஞன் மூன்றாம் நாள் வந்தான்.

4 மார்ச் 2024

ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார்: குரூப் என்பது வடிவம்தானே, அதைத் தனி முறையாகக் கணக்கு வைக்கலாமா? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. சி.பி.டி.யை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் தெரபி) ஒருவருக்கும் செய்யலாம், எட்டுப் பேருக்கும் செய்யலாம். எங்கள் கல்லூரி சி.பி.டி. ஒன்று, மோட்டிவேஷனல் இண்டர்வியூயிங் ஒன்று என்று முறைகளைக் கணக்கு வைத்து, குரூப் மணிநேரத்தைத் தனிப் பத்தியில் எழுதச் சொன்னது. உங்கள் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசி செமஸ்டரில் தெரிந்துகொள்கிற விஷயமில்லை இது.

17 மார்ச் 2024

டிஷ்யூ பெட்டி. யாராவது அழுதால் எடுத்து நீட்டாதே, "போதும், நிறுத்து" என்று அர்த்தமாகிவிடும், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு விலகி இரு என்று சொல்லிக்கொடுத்தார்கள். வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் குரூப்பில் ஒரு பெண் உடைந்து அழுதார். பெட்டி வட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் விதிப்படி அசையாமல் இருந்தேன். அந்த ஷூ லேஸ் இளைஞன் எழுந்து, பெட்டியை எடுத்து, அவர் பக்கத்துத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போனான். அவர் இன்னும் நன்றாக அழுதார்.

விதி எனக்குத்தான். அவனுக்கு இல்லை.

17 மார்ச் 2024, சற்று கழித்து

இன்னொன்று விட்டுப்போச்சு. ரகசியம் காக்கும் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தும், குரூப்பில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. முதல் நாளே இதை உடைத்துச் சொல்லிவிடுங்கள், "இங்கே பேசியது இங்கேயே" என்று சத்தியம் மாதிரி சொல்லி ஏமாற்றாதீர்கள். எங்கள் குரூப்பில் இரண்டு பேர் மளிகைக் கடையில் எதிரெதிரே வந்துவிட்டார்கள், ஒருவரோடு மாமியார் வேறு. தலையசைப்பதா வேண்டாமா என்பதையே அடுத்த செஷன் முழுக்கப் பேசினோம். நல்ல செஷன்.

கேள்வி கேட்டவர்: 11 மே 2024

அக்கா, செமஸ்டர் முடிந்தது. என் கருத்தைப் பாதிதான் மாற்றிக்கொண்டேன். குரூப் பிடித்திருந்தது. ஆனால் வேலை என்னவோ அந்த 20 நிமிடம்தானே? அதில் இதெல்லாம் எங்கே நுழையும்?

12 மே 2024

பாதி போதும் தம்பி. நானும் பாதியில்தான் இருக்கிறேன். இந்த மணிநேரங்களை வைத்து நான் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன், சொல்கிறவர்களைக் கண்டால் பயமாகவும் இருக்கிறது.

எங்கே நுழையும் என்பதற்குப் போன வாரக் கதை. மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலின் எழுதி எட்டு வாரம் ஆன ஒருவர். தூக்கம்? பரவாயில்லை. பசி? பரவாயில்லை. மாத்திரை? சாப்பிடுகிறேன். எல்லாம் முடிந்து எழுந்து போய்க் கதவுப் பிடியில் கை வைத்தவர், திரும்பாமலே, "இந்த மாத்திரையைப் பார்த்தால் அம்மா ஞாபகம்தான் வரும்" என்றார்.

பழைய நானாக இருந்தால், "அடுத்த தடவை பேசலாமே" என்றிருப்பேன். மணி பார்த்தேன். இன்னொருவர் வெளியே காத்திருந்தார். "உட்காருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டேன். உட்கார்ந்தார். அவர் அம்மா 20 வருடம் மாத்திரை சாப்பிட்டவராம், வீட்டில் எல்லோரும் அவரைப் பைத்தியம் என்றுதான் கூப்பிடுவார்களாம். எட்டு வார மாத்திரையும் பாட்டிலில் அப்படியே இருக்கிறது. எனக்கு வாயில் வந்தது "அந்தக் காலம் வேறு, இப்போதெல்லாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை." விழுங்கிவிட்டேன். "அவரை மாதிரி ஆகிவிடுவோமோ என்று இருக்கிறதா?" என்றேன்.

நான் அளவைக் கூட்ட இருந்தேன், 50 மில்லிகிராமிலிருந்து 100க்கு. கூட்டவில்லை. இரண்டு வாரத்தில் வரச் சொன்னேன்.

பில் விஷயம்: மருந்து பார்க்கும் விசிட்டோடு தெரபியைச் சேர்த்துப் போட 90833 என்ற கோடு, அதற்குக் குறைந்தது 16 நிமிடம் தெரபி மட்டும் நடந்திருக்க வேண்டும். எனக்கு 11தான் ஆனது. அதனால் மருந்து விசிட்டுக்கான 99214 மட்டும். அடுத்த நோயாளி உள்ளே வரும்போது கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே வந்தார்.